சூளைக்கு அடங்கிய துயரம்

சுடுமண் சிற்பம் எதைப் பார்த்தாலும் இப்போது என் கண் முதலில் தேடுவது கைகளைத்தான். முகம், உடை, மேல்பூச்சு எல்லாம் பிறகு. கை உடம்போடு ஒட்டியிருக்கிறதா, விலகி நிற்கிறதா என்று பார்க்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தொற்றிய பழக்கம் இது. கடல் கொண்டுபோனவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அர்ப்பணம் என்று வாசலில் அட்டை வைத்திருந்தார்கள். உள்ளே முழங்கால் உயர மண் உருவங்கள். எல்லாம் பெண்கள். எல்லோரும் குத்தவைத்து, இரண்டு கையாலும் காலைக் கட்டிக்கொண்டு, தலையை முட்டுக்குள் புதைத்து உட்கார்ந்திருந்தார்கள். கண் இல்லை, வாய் இல்லை. சாம்பல் நிறம், ஆங்காங்கே புகை ஏறிய கருப்பு. வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதுகெலும்பின் வளைவை விரலால் இழுத்த தடம் அப்படியே சுட்டு நின்றது. எனக்கும் தொண்டை அடைத்தது.

அடைத்த தொண்டை வெளியே வந்து டீ குடிக்கும்போது திறந்துவிட்டது. அதுதான் உறுத்தியது. இவ்வளவு பெரிய துயரத்தைப் பார்த்தவனுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சரியாகிப்போனது? கூட வந்த நண்பர் ஒருவர், நல்ல ரசிகர், சிற்பியிடம் போய் இதில் கொஞ்சம் சின்ன அளவு கிடைக்குமா, வீட்டு ஷோகேஸில் நிற்குமா என்று விசாரித்தார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த உருவங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லையே. வரவேற்பறையில் வைத்தால் டிவி பார்க்கத் தொந்தரவு பண்ணாத துயரம் அது. அரங்கைக் கூட்டிப் பெருக்க வந்த அக்கா மட்டும்தான் அங்கே புதிதாக ஒன்று சொன்னார். ஒரு சிற்பத்தின் முன்னால் துடைப்பத்தோடு நின்று பார்த்துவிட்டு, “அண்டியாபீசுல நாங்க இருக்குத மாரியில்லா இருக்கு. கையில தடியத்தான் காணல” என்றார். மார்த்தாண்டம் பக்கத்து அண்டியாபீஸ்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை குத்தவைத்து முந்திரிக்கொட்டையைத் தட்டும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டு எண்ணெய் பட்டுப் பொத்து, கருத்து, சாம்பல் பூசிப் பூசித் தடித்துப்போயிருக்கும். அக்கா சொன்னபிறகு மறுபடி பார்த்தேன். சிற்பங்களின் விரல்கள் வெண்ணெய் போல வழுவழுவென்று இருந்தன.

அன்றிலிருந்து ஒரே வெப்ராளம். துயரத்தை மண்ணில் செய்ய வருகிற ஆட்கள் ஏன் எல்லோரும் போய் முழங்காலில் முகம் புதைக்கிறார்கள்? இணையத்தில் தேடினால் உலகம் முழுக்க இதே இருப்பு. போர், பஞ்சம், அகதி, பெண், எதற்கும் ஒரே குறுகல்.

சுங்கான்கடைப் பாட்டா

நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற சாலையில் சுங்கான்கடையைத் தாண்டும்போது ரோட்டோரமாகப் பானையும் சட்டியும் அடுக்கியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே வயதான ஒரு பாட்டாவிடம் என் அம்மா காலத்திலிருந்து சட்டி வாங்குகிறோம். மீன் சட்டி வாங்கப் போனவன் போனில் இருந்த சிற்பப் படங்களை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றோ பாவமாக இருக்கிறது என்றோ சொல்வார் என்று காத்திருந்தேன்.

“கெட்டிக்கார ஆளு. சூளை தெரிஞ்சு செஞ்சிருக்கான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் கிடந்த ஈர மண்ணில் ஒரு பிடி எடுத்து உருட்டி, அதிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கையை இழுத்து நீட்டிக் காட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல வளைந்து தொங்கியது. “பாத்தியா மக்கா? கைய விரிச்சு வச்சா ஈரத்துல தொங்கும், காயும்போது வெடிக்கும், சூளையில ஒடியும். மூணு எமன் அதுக்கு. இப்பிடி எல்லாத்தயும் உள்ள மடக்கி வச்சா முட்டை மாரி. எங்க வச்சாலும் நிக்கும், நெருப்புலயும் ஒடியாது. அதான் எல்லாவனும் குத்தவச்சே செய்யான்.”

அவர் சொன்னதன் கணக்கு பிற்பாடு படித்தபோது தெளிவானது. களிமண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் அளவில் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்குகிறது. மெலிந்த கை முதலில் காயும், தடித்த உடல் பிந்திக் காயும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுருங்கினால் தோளில்தான் பிளக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் ஆவியாகி வெளியேற வழி தேடும். நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும் என்பதால் சிற்பம் சில்லாகத் தெறிக்கும். அதற்குப் பிறகும் தப்பவில்லை. 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கிற மணலின் படிகம் சட்டென்று உருமாறி விரிகிறது; ஆறும்போது அதே புள்ளியில் சுருங்குகிறது. சூளையை அவசரப்பட்டு ஏற்றினாலோ இறக்கினாலோ நீட்டிக்கொண்டிருப்பது எதுவோ அதுதான் முதலில் போகும். உருவத்தை உள்ளீடற்றதாகக் கட்டைவிரல் தடிமனுக்குக் குடைந்து, அடியில் துளை விட்டு, நிழலில் போட்டுக் காய வைப்பதெல்லாம் இதற்காகத்தான். ஆக, மௌனமான துயரம் என்று நாம் தலையாட்டிக்கொண்டு வந்ததில் பாதி சூளையின் சௌகரியம்.

பாதிதான். முழுதும் அதுவல்ல என்பதையும் பாட்டாவே சொன்னார். போனைத் திருப்பித் தரும்போது, இவர்கள் எதற்காக இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். பிள்ளைகளைக் கடலில் பறிகொடுத்தவர்கள், அழுகிறார்கள் என்றேன். அவர் முகம் சுளித்தது. “அழுகதா? துட்டி வீட்டுல எவளாவது இப்பிடித் தனியா மூலையில இருந்து அழுது நீ பாத்திருக்கியா? மாரடிச்சுல்லா அழுவாளுவ. வாரவளையெல்லாம் கழுத்தக் கட்டிக்கிட்டுல்லா அழுவாளுவ. ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, பத்து பேரு சேந்து பிடிப்பா.”

நான் சட்டியை வாங்க மறந்து நின்றேன். எத்தனை துட்டி வீட்டுக்குப் போயிருக்கிறேன்! கை மேலே போகும், மார்பில் இறங்கும். வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் இன்னொருத்தி கை போட்டு, நெற்றியோடு நெற்றி முட்டி, செத்தவனையும் திட்டி, சாமியையும் திட்டி, பங்காளி செய்த துரோகத்தையும் இடையில் சொருகி, பாட்டாக அழுவார்கள். ஒப்பாரியில் கணக்கு வழக்கெல்லாம் வரும். நம்மூரில் துயரம் என்பது சத்தமாகப் பத்துப் பேருக்கு முன்னால் வைக்கிற வழக்கு. கண்காட்சியில் இருந்த உருவங்களுக்குக் கடற்கரைச் சேலை கட்டியிருந்தது. அழுத விதம் மட்டும் வேறெங்கோ இருந்து வந்திருந்தது.

மண்ணும் சாவும் தமிழில் எவ்வளவு பழைய கூட்டு என்று சொல்லத் தேவையில்லை. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் தாழி தாழியாக எடுத்தார்களே. 2004 அகழாய்வில் கிடைத்த ஒரு தாழி ஓட்டில், ஒரு பெண்ணும் நெற்கதிரும் மானும் கொக்கும் மண்ணாலேயே ஒட்டிச் செய்திருக்கிறது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் குயவனிடம், தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்கிறாள். பள்ளிக்கூடத்தில் அதைக் கையறு நிலையின் உச்சம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எனக்கு வேறொன்று படுகிறது. அவள் ஒரு ஆளைக் கூப்பிட்டு, அவன் தொழில் மொழியில், அளவு சொல்லி வேலை வைக்கிறாள். அழுகைக்கு அங்கே ஒரு முகவரி இருக்கிறது.

கையைத் தூக்கியவள்

மண்ணில் கையைத் தூக்கவே முடியாது என்றால் இசக்கி எப்படி நிற்கிறாள்? ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் முப்பந்தல் கோயிலை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பெயர் எடுக்காத இசக்கிகள் நம் மாவட்டத்தில் விளைக்கு விளை உண்டு. அவளுக்குச் செய்கிற மண் உருவத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். பிதுங்கிய கண். ஒரு கையில் பிள்ளை, வாயில் இன்னொரு பிள்ளை. தூக்கிய கையில் சூலம். வில்லுப்பாட்டில் அவள் கதையைக் கேட்டவர்களுக்கு அவள் யார் என்பது மறக்காது: நம்பியவனால் நகைக்காகக் கள்ளிச் செடியருகே கொல்லப்பட்டவள். நம் ஊர் மண்ணில் செய்த மனிதத் துயரத்தின் உருவம் இதுதான் என்பேன். அவளைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்வதில்லை. பயப்படுகிறோம். கடன் வைக்கிறோம். கொடை கழித்தால்தான் ராத்திரி தூக்கம் வரும் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அநியாயமாகச் செத்தவளுக்கு ஊர் பாக்கிப்பட்டிருக்கிறது என்பதை அந்த உருவம் கண்ணை உருட்டியே வசூலிக்கிறது. இதைச் சமூக விமர்சனம் என்று கலைக்கூடத்து ஆட்கள் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எனாமல் பெயின்ட் அடித்திருப்பதாலோ என்னவோ.

பாட்டாவும் இசக்கி செய்தவர்தான். தூக்கின கையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தலைக்கும் கைக்கும் நடுவில் மண்ணால் ஒரு பாலம் போட்டுவிடுவாராம். சுட்ட பிறகு அதைச் சடை மாதிரி வண்ணம் அடித்தால் முடிந்தது. சூலம் இரும்பில், பிறகு சொருகுவது. மூன்று எமனையும் ஒரு சடையை வைத்து ஏமாற்றியிருக்கிறார்.

இதே ஏமாற்றை வேறொரு வழியில் செய்தவர்கள் இத்தாலியிலும் இருந்தார்கள். பொலோனா நகரத்தில் சாந்தா மரியா தெல்லா வீதா என்று ஒரு கோயில். அங்கே 15ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ தெல் ஆர்க்கா என்பவர் செய்த ஆளுயர சுடுமண் உருவங்கள் ஏழு இருக்கின்றன. செத்துக் கிடக்கும் இயேசுவைச் சுற்றி ஆறு பேர். நான் பார்த்தது படங்களில்தான். அதற்கே இரண்டு நாள் மனது சரியில்லை. வலது ஓரத்து மரியாள்கள் இருவரும் ஓடி வந்து சடலத்தைக் கண்ட அதே நொடியில் நிற்கிறார்கள். வாய் முழுக்கத் திறந்து நாக்கு தெரிகிறது. ஒருத்தியின் கை, பார்க்கச் சகிக்காமல் தடுக்கிற மாதிரி முன்னால் நீண்டிருக்கிறது; மற்றவளின் துணி காற்றில் பின்னால் பறக்கிறது. கோட்டாறு சவேரியார் கோயிலிலோ குளச்சலிலோ கொண்டுவந்து வைத்தால் ஒரு அடையாளமும் சொல்லாமல் நம் பெண்களுக்குப் புரியும். அந்தக் கோயிலை நடத்திய சபையார் கூடவே ஒரு மருத்துவமனையும் நடத்தினார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த அலறலின் முன்னால் வந்து நின்றவர்களில் நோயாளிகளும் அவர்களது சொந்தக்காரர்களும் இருந்திருப்பார்கள். அவ்வளவு பெரிய உருவத்தை முழுசாகச் சூளைக்குள் வைக்க முடியாது. அறுத்து, குடைந்து, பகுதி பகுதியாகச் சுட்டு ஒட்டுவதுதான் வழி.

குறுகிய உருவம் என்றாலே பொய் என்றும் ஆகாது. ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றின் உள்வடிநிலத்தில், ஜென்னே பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு சுடுமண் உருவம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் காலைக் கட்டிக்கொண்டு, தலையை முட்டில் சாய்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதன் முதுகில் வரிசை வரிசையாகக் கொப்புளங்களும் குழிகளும். நோயா, துக்கமா என்று அறிஞர்களுக்குள் முடிவில்லை. எதுவானாலும், அந்த முதுகு ஒரு குறிப்பிட்ட ஆளின் முதுகு. அண்டியாபீஸ் அக்கா தேடிய தடி அங்கே இருக்கிறது.

தண்டவாளத்தில்

இந்த எண்ணம் அடங்காமல் போனதற்கு உண்மையான காரணம் ஒக்கி. 2017 நவம்பர் கடைசியில் புயல் நம் குமரி முனையைச் சுற்றிக்கொண்டு போனபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் படகுகள் ஏற்கனவே பல நாள் தொலைவில் இருந்தன. கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தூரம். எச்சரிக்கை வந்தது, கேட்க வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் திரும்பவில்லை. நிறைய வீட்டுக்கு உடலும் வரவில்லை. அடக்கம் செய்ய ஆள் இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருடம் ஆக வேண்டும் என்று சட்டம். அந்த விதியை அரசு தளர்த்துவதற்கே தனியாகப் போராட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்கள் அப்போது என்ன செய்தார்கள்? டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கில் நடந்து குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. ராத்திரி வரை எழுந்திருக்கவில்லை. தேடுங்கள், எங்கள் ஆட்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்த் தேடுங்கள், எந்த இடத்தில் வலை விட்டிருப்பார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும் என்றார்கள். கை நீட்டிப் பேசினார்கள். பிறகு ஊர் முனைகளில் ஃபிளெக்ஸ் வந்தது. ஆதார் அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகச் சிதறிய முகங்கள்; கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்ததில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், வயது, படகு.

அந்த ஊர்களின் துயரத்தைச் செய்ய வருகிற சிற்பி முகத்தை அழித்துவிட்டு இது மானுடப் பொதுமை என்றால் எனக்கு ஒப்பவில்லை. முகம் இல்லாமல் போனதுதானே அவர்களது பிரச்சினையே. உடல் கிடைக்காத மகனுக்கு ஒரு ஃபிளெக்ஸிலாவது முகம் இருக்கட்டும் என்று காசு பிரித்தவர்களிடம் போய், கண்ணையும் வாயையும் வழித்தெடுத்த உருவத்தை அர்ப்பணம் செய்வது எப்படி? யார் மேலும் பழி விழாத துயரம் அது. கடல் அடித்தது, தாய் அழுதாள், கதை முடிந்தது. நடுவில் எட்டாத வயர்லெஸ் இல்லை, தாமதித்த தேடல் இல்லை, ஏழு வருடச் சட்டம் இல்லை.

இதையெல்லாம் அந்தச் சிற்பியிடமே போனில் சொன்னேன். சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார். “கையத் தூக்கிக் கோஷம் போடுற மாதிரி செஞ்சா அது போஸ்டர் ஆயிரும் சார்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம் பேருந்து நிலையங்களிலும் ரவுண்டானாக்களிலும் முஷ்டி தூக்கி நிற்கிற சிமென்ட் உருவங்களைப் பார்த்தால் அந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் வழி ஒன்றுதான் என்றில்லை. ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் 1971 வங்கதேசப் போரை மனதில் வைத்துச் சுடுமண் புடைப்புகளாக ஒரு வரிசை செய்தார். தளபதிகளும் அவர்களது வெற்றிச் சின்னங்களும்தான் பொருள். மண் பலகைகள். மாவு பிசைந்து ஒட்டியதுபோலப் பதக்கங்கள், ஊதிப்போன முகங்கள், அறுபட்ட கை கால்கள். அழுகிற தாய் ஒருத்தியைத் தேட வேண்டியதில்லை. துன்பத்தைச் செய்தவன் அங்கே பதக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறான். பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லி இன்னொரு வழியில் போனார். 1993இல் ஊர்க்காரர்களைக் கூட்டி, சுமார் 40,000 சின்ன மண் உருவங்களைச் செய்யச் சொல்லி ஒரே அறையில் நெருக்கி நிற்க வைத்தார். கையும் இல்லை, வாயும் இல்லை, குச்சியால் குத்திய இரண்டு கண் மட்டும். அத்தனை கண்ணும் வாசலில் நிற்கிற நம்மைப் பார்க்கும். அங்கே போய் ஷோகேஸுக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்க யாருக்கும் நாக்கு எழாது என்று நினைக்கிறேன்.

சிற்பி உடனே மறுக்கவில்லை. கையை நீட்டினால் சூளையில் நிற்காது என்பதைத்தான் கடைசியாகச் சொன்னார். நான் சுங்கான்கடைக்கு வழி சொன்னேன்.

போயிருக்கிறார். பாட்டாவோடு சண்டையும் போட்டிருக்கிறார், சமாதானமும் ஆகியிருக்கிறார். இப்போது தண்டவாளத்தில் உட்கார்ந்து கை நீட்டிப் பேசுகிற ஒரு பெண்ணைச் செய்துகொண்டிருக்கிறார். முகம் வைத்து, தடித்த விரல்களோடு. சடைப் பாலம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் கையைத் தனியாகச் சுட்டு, உள்ளே கம்பி விட்டுத் தோளில் ஒட்டியிருக்கிறார். முதல் கை சூளையிலேயே தெறித்துவிட்டது. இரண்டாவது நின்றது, ஆனால் சுருங்கியதில் தோளோடு சரியாகப் பொருந்தாமல் சுற்றிலும் ஒரு இடைவெளி. கண்காட்சி வைக்கப்போகிறவர் அதில் எம்-சீல் அடைத்து, நிறம் ஒத்துப்போகிற மாதிரிப் பூசிவிடச் சொல்கிறாராம். ஒட்டுத் தெரியட்டும், பூசாதீர்கள் என்று நான் சொன்னேன். பாட்டா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“ஒனக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவ. ஒட்டுனது வெளிய தெரிஞ்சா வேலைக்காரனுக்குக் கேவலம் மக்கா.”